ஒட்டுப்போட்ட சட்டைக்கு ஒரு வரலாறு

மக்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. கொசுவத்தியும் சுத்துவேன், நடுநடுவுல சரித்திர வகுப்பும் எடுப்பேன். டீ காபி ஏதாவது எடுத்துட்டு வந்து உக்காந்துக்கோங்க :-)

போன மாசம் நாரணாபுரம் போயிருந்தேன். (தெரியாதவங்களுக்கு: சிவகாசிக்குப் பக்கத்துல இருக்கு. சுத்திலும் பட்டாசு ஆலைங்க. வேற பெருமை எதுவும் கேக்காதீங்க.) வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்னு மச்சுல இருந்த சாமானை எல்லாம் இறக்கினாங்க. துருப்பிடிச்ச டிரங்குப் பெட்டி ஒண்ணு. அதுக்குள்ள நாலு பித்தளை டம்ளர், அம்மாச்சியோட மூக்குக் கண்ணாடி, அடியில ஒரு சட்டை.

அந்தச் சட்டையை எடுத்து விரிச்சதும் எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு.

முழுக்கைச் சட்டை. ஆனா ஒரே துணி கிடையாது. பூப்போட்ட நைட்டித் துணி, கோடு போட்ட துணி, கட்டம் போட்ட கைலித் துணி, காலர்ல மட்டும் பழைய வெள்ளை வேட்டி. உக்காந்து எண்ணினேன். முப்பத்தோரு துண்டு. எல்லாம் எங்க அம்மாச்சி தைச்சது. சேலைக்கு மேல இதைப் போட்டுக்கிட்டுத்தான் பட்டாசு வேலைக்குப் போகும்.

இந்தச் சட்டையைப் பத்தி எனக்கு ஒரு கணக்குத் தீராம இருக்கு. அதைக் கடைசியில சொல்றேன். முதல்ல இதோட பூர்வீகம்.

ரெண்டாயிரம் வருசத்து ஒட்டு

ஒட்டுப்போட்ட துணின்னா ஏதோ நம்ம தாத்தா காலத்துப் பஞ்சத்துல வந்ததுன்னு நினைச்சுட்டு இருந்தேன். அப்படி இல்லை. பத்துப்பாட்டுல பொருநராற்றுப்படைன்னு ஒண்ணு இருக்கே, முடத்தாமக்கண்ணியார் கரிகால் சோழனைப் பாடினது, அதுல ஒரு பொருநனோட உடுப்பைப் பத்தி வருது. வேர்வையில ஊறி, ஈரும் பேனும் குடியேறி, வேற வேற இழையை உள்ள நுழைச்சுத் தைச்ச கந்தல். கரிகாலன் அதைக் கழட்டிப் போடச் சொல்லி, பாம்புச் சட்டை மாதிரி மெல்லிசான துணியைக் கொடுக்கிறான்.

ராஜா கொடுத்த துணியைத்தான் தமிழ் வாத்தியாருங்க சிலாகிச்சுப் பேசுவாங்க. எனக்கு அந்தக் கந்தல் மேலதான் கண்ணு. தைக்கிறதுக்கு அன்னைக்கு 'துன்னம்'னு ஒரு சொல்லு இருந்திருக்கு. தையல்காரங்க 'துன்னகாரர்'. சிலப்பதிகாரத்துல புகார் நகரத் தெருவுல அவங்க வர்றாங்க. ஊசி நூலு நமக்கு வெள்ளைக்காரன் கொண்டு வந்தது இல்லீங்க. அவன் கொண்டு வந்தது மிஷின் மட்டும்தான்.

அந்தப் பொருநன் கதையில இன்னொண்ணு கவனிங்க. ஒட்டுத்துணின்னா வறுமை, அதைக் கழட்டினா வாழ்வு. ரெண்டாயிரம் வருசமா இந்தக் கணக்கு மாறவே இல்லை.

வேணும்னே ஒட்டுப்போட்டவங்க

ஆனா இதைத் தலைகீழாப் புரட்டினவர் ஒருத்தர் இருக்கார். புத்தர்.

பௌத்தத் துறவிகளோட சீவர ஆடை இருக்கே, அது ஒட்டுத்துணிதான். ஆரம்பத்துல குப்பை மேட்டுலயும் சுடுகாட்டுலயும் கிடந்த துணியைப் பொறுக்கித் துவைச்சுத் தைச்சுப் போட்டாங்க. அதுக்குப் பாலியில பேரு பாம்சுகூலம். விநய பிடகத்துல ஒரு கதை. புத்தர் ராஜகிருகத்துல இருந்து தெற்கே நடந்து போறப்போ மகத நாட்டு வயல்களைப் பார்க்கிறார். வரப்பு கட்டி, பாத்தி பாத்தியா, அழகா. 'இதே மாதிரி சீவரம் தைக்க முடியுமா ஆனந்தா'ன்னு கேக்கிறார். ஆனந்தரும் துண்டு துண்டா வெட்டி, வயல் மாதிரியே தைச்சுக் காட்டிடறார். இன்னைக்கும் இலங்கையில பிக்குகளோட காவியை உத்துப் பார்த்தீங்கன்னா அந்த வரப்புத் தையல் தெரியும். மழைக்கால வஸ்ஸம் முடிஞ்சதும் நடக்கிற கடின சீவரச் சடங்குல, துணியை வெட்டித் தைச்சுச் சாயம் போட்டு எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிக்கணும்னு கணக்கு.

வெட்டித் தைச்ச துணிக்கு விலை போகாது, திருடனுக்கும் வேண்டாம், போடுறவனுக்கும் பெருமை வராது. எப்பேர்ப்பட்ட யோசனை பாருங்க! நாகப்பட்டினத்துல ராஜராஜ சோழன் காலத்துல சூடாமணி விகாரம் எழும்புச்சே. நம்ம சோழ நாட்டுக் கடற்கரையிலயும் ஒட்டுத்துணி போட்டவங்க தலை நிமிர்ந்து நடந்திருக்காங்கன்னுதானே அர்த்தம்?

நம்ம 'கந்தை'யும் வடக்கே சொல்ற 'கந்தா'வும் ஒரே சொல்லுதான். வங்காளத்துல பழைய சேலைகளை அடுக்கி, அந்தச் சேலைக் கரையில இருந்தே நூலை உருவி, ஓட்டுத் தையல் போட்டுத் தைக்கிறதுக்குப் பேரு காந்தா. இன்னைக்கு அது கண்காட்சியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. நாம அதே சொல்லைத் திட்டுறதுக்கு வெச்சிருக்கோம். கந்தையைக் கசக்கிக் கட்டச் சொல்லுது பழமொழி. கந்தையைத் தைச்சவளைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை.

பக்கத்துல கர்நாடகாவுல, உத்தர கன்னட மாவட்டத்துல சித்திகள்னு ஒரு சனம். ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்களோட வம்சம். அந்தப் பொம்பளைங்க தைக்கிற ஒட்டுப் போர்வைக்குப் பேரு கவந்தி. ஒரு மூலையில ஆரம்பிச்சு, ஓரமாவே சுத்திச் சுத்தி வந்து, நடுவுல முடிப்பாங்க. நாலு மூலையிலயும் மடிச்ச முக்கோணத் துணி வைக்கணும், அதுக்குப் பேரு ஃபூலா, பூ. அது இல்லாத போர்வை அம்மணமா இருக்கிற மாதிரின்னு சொல்வாங்களாம்.

நம்ம ஊர்லயும் ஒட்டுவேலை கௌரவமா இருக்கிற இடம் ஒண்ணு உண்டு. கோயில் தேர். தேர்ல தொங்குற தொம்பையும் தேர்ச்சீலையும் பாருங்க, கலர் கலரா வெட்டின துணியை ஒட்டித் தைச்சதுதான். சாமி தேருக்கு மாட்டினா கலை. மனுசன் மாட்டினா கந்தல். என்ன நியாயமோ!

காந்தி, கண்ட்ரோல், காமராஜர்

இனி நம்ம பக்கத்துக் கதை. 1921 செப்டம்பர் 22, மதுரை. அங்கதான் காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டுட்டு முழங்கால் வேட்டிக்கு மாறினார். காரணம் என்னன்னா, அன்னியத் துணியை எரிங்கன்னு அவர் சொல்றார், கதர் வாங்க எங்ககிட்ட காசு ஏதுன்னு ஏழை சனம் கேக்குது. மாத்துத்துணியே இல்லாதவன் எதை எரிப்பான்? அந்தக் கேள்விக்கு அவர் கண்ட பதில் அது. அந்தக் காலத்துல ஒரு வீட்டுல துணிங்கிறது எவ்வளவு பெரிய சொத்துன்னு இதுலயே தெரியும்.

அப்புறம் ரெண்டாம் உலகப் போர். மில்லுத் துணியில பெரும்பங்கு ராணுவத்துக்குப் போயிடுச்சு, விலை எகிறிடுச்சு. 1943-ல துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு வந்துச்சு. 'கண்ட்ரோல் துணி'ங்கிற வார்த்தை அப்போ வந்ததுதான். எங்க அம்மாச்சி அந்தச் சமயத்துல சின்னப் புள்ளை. வீட்டுல ரெண்டு பேருக்கு ஒரு நல்ல சேலைன்னு சொல்லும். அதே 1943-ல இங்கிலாந்துல அரசாங்கமே 'இருக்கிறதைத் தைச்சு ஓட்டுங்க'ன்னு புத்தகம் போட்டுச்சு. அங்க அது தேசபக்தி. இங்க அது விதி.

அடுத்தது நம்ம விருதுநகர்க்காரர். காமராஜர் ஆட்சியில மதிய உணவோட சேர்த்துச் சீருடையும் பள்ளிக்கூடங்களுக்கு வந்துச்சு. பொதுக்கல்வி இயக்குநரா இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊரா பள்ளிச் சீரமைப்பு மாநாடு போட்டு, ஊர்க்காரங்ககிட்டயே பொருளும் பணமும் திரட்டினார். யார் புள்ளை பணக்காரன், யார் புள்ளை ஏழைன்னு சட்டையைப் பார்த்துத் தெரியக் கூடாது, அதுக்குத்தான் சீருடை. நல்ல எண்ணம்தான். ஆனா ஒரே ஒரு சட்டையை வருசம் பூராப் போட்டா கிழியாதா? பின்னாடி கிழிஞ்ச டவுசருக்கு 'தபால்பெட்டி'ன்னு பேரு வெச்சதும் அதே பள்ளிக்கூடத்துப் பசங்கதான். (என் டவுசருக்கும் அந்தப் பட்டம் கிடைச்சிருக்கு, ஹி ஹி.)

அதுக்கு நடுவுல டெரிலின், டெரிகாட்டன், பாலியஸ்டர்னு வந்துச்சு. கசங்காது, சீக்கிரம் காயும், கிழியவும் கிழியாது. கல்யாணத்துக்கு டெரிகாட்டன் போட்டவன் மைனர். பருத்தி போட்டவன் ஏழை. ஒட்டுப்போட்ட பருத்தின்னா கேக்கவே வேணாம்.

எங்க ஊருக்கு ஏன் பருத்தி?

சிவகாசி கதை உங்க பலபேருக்குத் தெரிஞ்சிருக்கும். 1922-ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. மழை கம்மி, விவசாயம் இல்லை, காஞ்ச பூமி. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத் தொழிலுக்கும் அந்தக் காய்ச்சலே முதலீடு ஆயிடுச்சு. 1940-க்கு அப்புறம் பட்டாசு ஆலைங்க உரிமத்தோட பெருகுச்சு.

அந்தக் காஞ்ச காத்துதான் எமனும். காத்துல ஈரம் இல்லைன்னா உடம்புல நிலைமின்சாரம் சேரும். நைலான், பாலியஸ்டர் துணியை உரசினா பட்பட்னு பொறி வருமே, குளிர்காலத்துல ஸ்வெட்டர் கழட்டுறப்போ பார்த்திருப்பீங்க. நமக்கு அது வேடிக்கை. அலுமினியப் பவுடரும் கந்தகமும் வெடியுப்பும் கலந்த ரூமுக்குள்ள அந்த ஒரு பொறி போதும். அதனாலதான் பட்டாசு ஆலையில பருத்தித் துணி மட்டும்தான் போடணும்னு விதி. இன்னொண்ணு, தீப்பிடிச்சா பருத்தியும் எரியும்தான். ஆனா பாலியஸ்டர் உருகித் தோலோட ஒட்டிக்கும். உரிச்சு எடுக்க முடியாது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி விபத்து நடந்தப்போ ஊர்ல இருந்தவங்களைக் கேட்டுப் பாருங்க. வேண்டாம், கேக்காதீங்க.

விதி இருக்கு. துணி யார் வாங்கித் தர்றது? விலை மலிவா கிடைக்கிறது எல்லாம் பாலியஸ்டர். நல்ல பருத்தி விலை ஜாஸ்தி. கூலிக்காரப் பொம்பளை என்ன பண்ணுவா?

எங்க அம்மாச்சி கண்டுபிடிச்ச வழி வெட்டுத்துணி. எங்க மாவட்டத்துல துணிக்குப் பஞ்சமே இல்லை. ராஜபாளையத்துல பி.ஏ.சி.ராமசாமி ராஜா 1936-லயே மில்லு ஆரம்பிச்சுட்டார். சத்திரப்பட்டி, ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிக்குப் பேர்போன ஊரு. அருப்புக்கோட்டையில தறி. தளவாய்புரம் பக்கம் நைட்டியும் பாவாடையும் தைக்கிற வேலை. தைக்கிற இடத்துல வெட்டுத்துணி மலையாக் குவியும். கழுத்து வெட்டின வட்டம், கைக்குழி வெட்டின பிறை, ஓரத்து நாடா. அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த சித்தி ஒருத்தங்க வர்றப்போ ஒரு சாக்குப் பை நிறையக் கொண்டு வருவாங்க. அம்மாச்சி அதைக் கொட்டி, ஒவ்வொண்ணுல இருந்தும் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில கொளுத்திப் பார்க்கும். சாம்பலாப் போனா பருத்தி, இந்தப் பக்கம். உருண்டு கருகி மணி மாதிரி ஆச்சுன்னா பாலியஸ்டர், அந்தப் பக்கம். காலேஜ்ல டெக்ஸ்டைல் படிச்ச நண்பன்கிட்ட இதைச் சொன்னேன். "எங்க லேப்லயும் இதாண்டா முதல் டெஸ்ட்"னான்.

அம்மாச்சி தைச்ச விதம்

சட்டையை இப்போ உள்பக்கம் திருப்பிப் பார்த்தப்போதான் புரிஞ்சுது, இது சும்மா ஒட்டிப் போட்டது இல்லைன்னு.

முதல்ல எல்லாத் துண்டையும் வெந்நீர்ல நனைச்சுக் காய வெச்சிரும். புதுப் பருத்தி முதல் தண்ணியில சுருங்கும். துவைச்சுப் பழகின வேட்டி சுருங்காது. ரெண்டையும் அப்படியே சேர்த்துத் தைச்சா முதல் துவையல்லயே இழுத்துக்கிட்டு நிக்கும்.

மெல்லிசையும் கனத்தையும் பக்கத்துல பக்கத்துல வைக்காது. கனத்த துணி மெல்லிசைக் கிழிச்சிரும். பாவு எல்லாத் துண்டுலயும் மேலிருந்து கீழாவே வர்ற மாதிரி வைக்கும். மூலைவாட்டுல வெட்டின துண்டு இழுத்தா நீளும். அதை வீணாக்காம கைக்குழிப் பக்கம் வெச்சிருக்கு, கையைத் தூக்கி வேலை பார்க்கத் தோதா. கக்கத்துல தையல் மேல தையல் ஏறினா உரசி ரத்தம் வரும்னு அங்க சாய்சதுரமா ஒரு முழுத்துண்டு. தோள்மேல எங்கயும் இணைப்பே கிடையாது. உள்ள பிசிறு தெரியாம மடிச்சு ரெண்டு தையல். கழுத்துக்கு வேட்டி, ஏன்னா வீட்டுலயே மெத்துனு இருக்கிற துணி அதுதான். பொறந்த புள்ளைக்கு முதல்ல பழைய வேட்டியைத்தானே சுத்துறோம்?

ஊக்கு கிடையாது, ஹூக் கிடையாது. துணி நாடாதான். "மருந்து ரூமுக்குள்ள இரும்பு ஆகாதுப்பு"ன்னு சொல்லும்.

எல்லாமே ஒரு பழைய கால்மிதி மிஷின்ல. முப்பத்தோரு துண்டு இருக்கிற சட்டையைப் போட்டுப் பார்த்தேன். ஒரு இடத்துலகூட உறுத்தலை. நான் ஆயிரத்து எண்ணூறு ரூபா கொடுத்து வாங்கின சட்டையில காலர்ல இருக்கிற லேபிள் இன்னும் குத்துது.

அவங்க போட்டா ஃபேஷன்

ஒரு வேடிக்கை சொல்றேன். 1958-ல அமெரிக்காவுல புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு நம்ம மெட்ராஸ் கட்டம் போட்ட துணி பத்தாயிரம் கெஜம் போச்சு. வித்தவர் கேப்டன் கிருஷ்ணன் நாயர், பின்னாடி லீலா ஹோட்டல் ஆரம்பிச்சவர். துவைச்சா சாயம் போகுதுன்னு அங்க ஒரே ரகளை. சட்டுனு விளம்பரத்துலயே 'சாயம் போறதுக்கு கேரண்டி'ன்னு போட்டு அதையே பெருமையா மாத்திட்டாங்கன்னு சொல்வாங்க. அதுக்கப்புறம் அறுபதுகள்ல அந்த மெட்ராஸ் துணியைச் சதுரம் சதுரமா வெட்டி, ஒட்டுப்போட்டு, கோட்டும் பேண்ட்டுமாத் தைச்சாங்க. பணக்கார வீட்டுப் பசங்க அதை மாட்டிக்கிட்டுத்தான் கோடை விடுமுறைக்குப் போனாங்க. முழுத் துணியை வெட்டி ஒட்டுப்போட அவங்களுக்கு வசதி இருந்துச்சு. நம்ம ஆளுங்களுக்கு முழுத் துணிக்கே வசதி இல்லை.

அதே அமெரிக்காவுல அலபாமாவுல ஜீஸ் பெண்ட்னு ஒரு ஆத்து வளைவு. அடிமைகளா இருந்தவங்களோட வம்சம் வாழுற ஊரு. அங்க கறுப்பினப் பொம்பளைங்க கிழிஞ்ச வேலைத்துணியை வெட்டிப் போர்வை தைச்சாங்க, குளிருக்கு. மிசௌரி பெட்வேன்னு ஒரு அம்மா, 1942-ல புருசன் செத்ததும் அவரோட வேலைத்துணிகளை வெட்டி ஒரு போர்வை தைச்சாங்க. அவரை நினைச்சு அதைப் போர்த்திக்க. 2002-ல அந்த ஊர்ப் போர்வைங்க எல்லாம் நியூயார்க் விட்னி மியூசியத்துச் சுவத்துல தொங்குச்சு. 2006-ல தபால்தலையே போட்டாங்க. தபால்பெட்டி டவுசர் எங்க, தபால்தலை எங்க!

கணக்கு

சரி, சொல்றேன்னு சொன்னதைச் சொல்லிடறேன்.

நான் ஏழாப்பு படிச்சப்போ ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கை மறந்துட்டுப் போயிட்டேன். அம்மாச்சி வேலைக்குப் போற வழியில பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்துச்சு. இந்தச் சட்டையோட. கேட்டுக்கிட்ட நின்னு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. பசங்க எல்லாம் திரும்பிப் பார்த்துட்டுச் சிரிக்க ஆரம்பிச்சானுங்க. "யாருடா அது, பபூன் சட்டை?"ன்னான் ஒருத்தன்.

"எங்க பக்கத்து வீட்டு அம்மா"ன்னு சொன்னேன்.

சத்தமாத்தான் சொன்னேன். அம்மாச்சி காதுல விழுந்துச்சா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. தூக்கைக் கொடுத்துச்சு, "வச்சிராம சாப்புடு"ன்னுச்சு, போயிருச்சு. ஆனா அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கம் வர்றப்போ எல்லாம் சட்டையைக் கழட்டி மடிச்சுப் பைக்குள்ள வெச்சுட்டுத்தான் வரும். அதையும் நான் பார்த்திருக்கேன். ஒண்ணும் கேக்கலை.

முப்பது வருசத்துக்கு மேல மருந்து ரூம்ல வேலை பார்த்துச்சு. ஒரு தீக்காயம் இல்லாமப் போய்ச் சேர்ந்துச்சு. அதுக்கு இந்தச் சட்டைதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், அங்க எல்லாம் அதிர்ஷ்டமும் வேணும். ஆனா தன்னால முடிஞ்ச ஒரு காரியத்தை அது ஒழுங்காச் செஞ்சிருக்கு. அந்தக் காரியத்தைத்தான் நான் பக்கத்து வீட்டுக்குத் தள்ளி விட்டேன்.

சட்டையை இப்போ இங்க சென்னைக்கே எடுத்துட்டு வந்துட்டேன். என் பொண்ணு பார்த்துட்டு "செம்மயா இருக்குப்பா, யாரு தைச்சது?"ன்னு கேட்டா. பதில் சொல்ல ஒரு நிமிசம் ஆச்சு. "என் அம்மாச்சி"ன்னேன். இந்தத் தடவையும் சத்தமாத்தான் சொன்னேன்.

ரெண்டு இடத்துல நூல் விட்டிருக்கு. பருத்தி நூல் வாங்கிட்டு வந்திருக்கேன். நேத்து ராத்திரி ஒரு பக்கம் தைச்சேன். கோணலா வந்திருக்கு. பிரிச்சுட்டு மறுபடி தைக்கணும்.

டிஸ்கி: உங்க ஊர்ல இந்த மாதிரி ஒட்டுத்துணிச் சட்டைக்கோ போர்வைக்கோ என்ன பேரு சொல்வாங்க? அம்மாவையோ ஆச்சியையோ கேட்டுப் பாருங்க. கேக்கிறதுக்கு ஆள் இருக்கிறப்பவே கேட்டுருங்க.